இன்வெர்ட்டர் பேட்டரி ஒன்று சூடாகிறது, வாடையும் வருகிறது: வீட்டிலேயே மாற்றலாமா?

ஸ்ரீரங்கத்துக்காரன்:

வணக்கம். அம்மாவும் அப்பாவும் இருக்கும் வீட்டில் 24 வோல்ட் இன்வெர்ட்டர், 150 ஏஹெச் (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற அளவு) டியூபுலர், அதாவது ஆசிட் ஊற்றிய ஈயப் பேட்டரி இரண்டு. 2019 கடைசியில் வாங்கியது. மாடிப்படிக்குக் கீழே கதவு போட்ட சின்ன இடத்தில் ட்ராலி மேல் இருக்கிறது. போன கோடை வரை கரன்ட் போனால் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஃபேன், லைட், டிவி எல்லாம் ஓடும். இப்போது அரை மணி நேரம்கூடத் தாங்குவதில்லை, பீப் பீப் என்று கத்திவிட்டு நின்றுவிடுகிறது.

இந்த வாரம் கவனித்தது இதுதான்: ஒரு பேட்டரியின் பக்கவாட்டில் கை வைத்தால் நன்றாகச் சுடுகிறது, பக்கத்தில் இருக்கும் இன்னொன்று சாதாரணமாக இருக்கிறது. சுடுகிற பேட்டரிக்குள் ஏதோ கொதிக்கிற சத்தம் விடாமல் கேட்கிறது. ராத்திரியில் அந்தப் பக்கம் போனால் அழுகிய முட்டை வாடை. அம்மா அதைச் சாக்கடை வாடை என்று நினைத்து இரண்டு நாளாக பாத்ரூமைக் கழுவியிருக்கிறார்.

கடையில் கேட்டேன். கெட்டுப்போன ஒன்றை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார்கள், ஆனால் ஆள் அனுப்ப ஒரு வாரம் ஆகுமாம். இன்னொரு கடைக்காரர் பேட்டரியை வாசலில் இறக்கிவிடுவார், மாட்டுவது நம் பொறுப்பு. மச்சான், நாலு நட்டு கழற்றி நாலு நட்டு மாட்டும் வேலைதானே, ஞாயிற்றுக்கிழமை வந்து செய்துவிடலாம் என்கிறார். எனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், மல்டிமீட்டரும் இருக்கிறது, ஆனால் இந்த வேலை செய்ததில்லை. நாங்களே செய்யலாமா? ஒன்றை மட்டும் மாற்றலாமா, இரண்டையுமா? மாற்றுவதுதான் மாற்றுகிறோம், லித்தியத்துக்கே போய்விடலாமா? பழையதை என்ன செய்வது?

சேலம் பேட்டரி மெக்கானிக்:

தம்பி, மற்ற கேள்விகளுக்கெல்லாம் அப்புறம் வருகிறேன். இதைப் படித்ததும் முதலில் இன்வெர்ட்டருக்கு வரும் பிளக்கை ஆஃப் செய்யச் சொல்லுங்கள். இன்வெர்ட்டர் முகப்பில் இருக்கும் பட்டனை மட்டும் அமுக்கினால் போதாது, அது கரன்ட் போனபோது வீட்டுக்கு சப்ளை கொடுக்கலாமா வேண்டாமா என்பதற்கு மட்டும்தான். அதை அணைத்தாலும் சார்ஜ் ஏறிக்கொண்டேதான் இருக்கும். முகப்புப் பட்டனையும் அணைத்து, சுவரில் பிளக் சுவிட்சையும் அணைக்க வேண்டும். பைபாஸ் சுவிட்ச் வைத்திருந்தால் அதை மெயின்ஸ் பக்கம் தள்ளிவிட்டால் ஃபேன், லைட் நேராக ஈபி கரன்ட்டில் ஓடும், அம்மா அப்பாவுக்கு ராத்திரி சிரமம் இருக்காது.

அந்தப் படிக்கட்டுக் கதவை முழுதாகத் திறந்து வைத்து, பக்கத்து ஜன்னலையும் திறந்து விடுங்கள். அந்த இடத்துக்குள் லைட் சுவிட்ச் இருந்தால் அதைத் தொட வேண்டாம். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் வழக்கம் இருந்தால் அந்தப் பக்கம் கொண்டு போகாதீர்கள், கொசுவர்த்தியும் கூடாது. பேட்டரி சார்ஜ் ஆகும்போது, குறிப்பாக அளவுக்கு மீறி ஏறும்போது, உள்ளே இருக்கும் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரியும். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே ஒரு பொறி போதும். அது காற்றைவிட லேசானது, மேலே போய் அந்த மூடிய இடத்தின் கூரையில் தேங்கி நிற்கும். அழுகிய முட்டை வாடை வேறு விஷயம், அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அது விஷ வாயு, கொஞ்ச நேரத்தில் மூக்குக்குப் பழகிவிடும், வாடை நின்றுவிட்டது என்று நினைத்து உள்ளே தலையை விடக் கூடாது.

என்ன ஆகியிருக்கும் என்று சொல்கிறேன். ஒரு 12 வோல்ட் பேட்டரிக்குள் 2 வோல்ட் செல் ஆறு இருக்கும். உங்களிடம் இரண்டு பேட்டரி, மொத்தம் 12 செல். சார்ஜர் 28.8 வோல்ட் வரை ஏற்றும், அதாவது ஒரு செல்லுக்கு 2.4 வோல்ட். இப்போது ஒரு செல் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகிச் செத்துவிட்டது என்று வையுங்கள். அதே 28.8 வோல்ட் மிச்சமிருக்கும் 11 செல்லுக்குப் பிரியும், ஒன்றுக்கு 2.6 வோல்ட்டுக்கு மேல் போகும். சார்ஜர் தன் கணக்கில் சரியாகத்தான் ஓடுகிறது, எல்லாம் நிரம்பிவிட்டது என்று அதற்குத் தெரியாது. அதனால் விடாமல் தள்ளிக்கொண்டே இருக்கும், தண்ணீர் கொதிக்கும், சூடு ஏறும், பெட்டி உப்பும். இதை ஒரு வாரம் இப்படியே விட்டு வைக்கக் கூடாது என்பதால்தான் முதலில் பிளக்கைச் சொன்னேன்.

பெட்டி உப்பியிருந்தாலோ, விரிசல் விட்டு ஆசிட் கசிந்திருந்தாலோ நீங்கள் கை வைக்க வேண்டாம், ஆள் வரட்டும். அப்படி இல்லையென்றால் ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில் ஒவ்வொரு பேட்டரியின் இரண்டு முனையிலும் மீட்டர் வைத்து வோல்ட் என்ன என்று இங்கே எழுதுங்கள். பேட்டரிக் கடையில் ஹைட்ரோமீட்டர் கிடைக்கும், விலை அதிகமில்லை, வாங்க முடிந்தால் ஒவ்வொரு செல்லின் கிராவிட்டியையும், அதாவது உள்ளே இருக்கும் ஆசிட் தண்ணீரின் அடர்த்தியையும், பாருங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கவும்.

ஸ்ரீரங்கத்துக்காரன்:

ரொம்ப நன்றி அண்ணா. உடனே அப்பாவிடம் சொல்லி பிளக்கை அணைத்தாயிற்று. நீங்கள் சொன்ன மாதிரியே முகப்புப் பட்டன் இரண்டு நாளாக ஆஃபில்தான் இருந்திருக்கிறது, அப்பா அதோடு முடிந்தது என்று நினைத்திருந்தார்.

காலையில் பார்த்தேன். சூடு தணிந்துவிட்டது, உப்பல், விரிசல் எதுவும் இல்லை. ஒரு பேட்டரி 12.4 வோல்ட், சூடானது 10.4 வோல்ட். ஹைட்ரோமீட்டரில் நல்ல பேட்டரியின் ஆறு செல்லும் 1.220. மற்றதில் ஐந்து செல் 1.240-க்கும் 1.250-க்கும் நடுவில், நெகட்டிவ் முனையிலிருந்து இரண்டாவது செல் மட்டும் 1.090. அந்தச் செல்லின் தண்ணீரும் கலங்கிப் பழுப்பாக இருக்கிறது.

சேலம் பேட்டரி மெக்கானிக்:

அவ்வளவுதான், அந்த ஒரு செல் போய்விட்டது. 10.4 என்றால் ஐந்து செல்லின் வோல்ட். தண்ணீர் ஊற்றினாலும் ஆசிட் ஊற்றினாலும் அது திரும்பாது. ஆசிட் ஊற்றிச் சரி செய்து தருகிறேன் என்று யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், கிராவிட்டி எண் ஏறும், உள்ளே போன ஈயத் தகடு தேறாது.

கோவை மில் எலக்ட்ரீஷியன்:

மாற்றும் வேலையைப் பற்றி நான் எழுதுகிறேன், மில்லில் பேட்டரி பேங்க் பராமரிப்பு என் வேலை. மச்சான் சொல்வது போல நாலு நட்டு வேலைதான், ஆனால் அந்த நாலு நட்டிலும் விஷயம் இருக்கிறது. நிறையப் பேர் 12 வோல்ட், 24 வோல்ட்தானே, ஷாக் அடிக்காதே என்று அலட்சியமாக இருப்பார்கள். காய்ந்த கைக்கு ஷாக் அடிக்காது, உண்மை. ஆபத்து வோல்ட்டில் இல்லை, ஆம்பியரில் இருக்கிறது. 150 ஏஹெச் பேட்டரியின் இரண்டு முனையையும் ஒரு ஸ்பேனர் ஒன்றாகத் தொட்டால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் பாயும், ஸ்பேனர் அங்கேயே ஒட்டிக்கொண்டு சிவக்கும், ஈயம் உருகித் தெறிக்கும். விரலில் மோதிரம் இருந்து அது நடுவில் மாட்டினால் விரலே போகும். பேட்டரிக்கு ஆஃப் சுவிட்ச் கிடையாது. ஒயரை எல்லாம் கழற்றிய பிறகும், கடையிலிருந்து இறக்கி வைத்த புதுப் பேட்டரியிலும், ஏன், உங்கள் 10.4 வோல்ட் பேட்டரியிலும் இதே ஆபத்து இருக்கிறது.

அதனால் வேலை ஆரம்பிக்கும் முன் மோதிரம், வாட்ச், கைக்காப்பு, குனிந்தால் தொங்கும் கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். சட்டைப் பையில் சாவி, பேனா, போன் வேண்டாம், குனியும்போது நேராக டெர்மினல் மேல்தான் விழும். ஸ்பேனர் 10, 13 இரண்டும் எடுத்துக்கொண்டு, நட்டைப் பிடிக்கும் வாய் மட்டும் தெரியும்படி மற்ற இடம் முழுக்க இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். நீளமான ஸ்பேனர் வேண்டாம், ஒரு முனையில் வைத்துத் திருப்பும்போது அடுத்த முனையை எட்டாத அளவுக்குக் குட்டையானது நல்லது. பழைய சைக்கிள் டியூப் இரண்டு துண்டு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள், வேலை செய்யாத முனை மேல் போட்டு மூட அதைவிட வசதியானது இல்லை. ரப்பர் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்கு மூடிய செருப்பு அல்லது ஷூ. பக்கத்தில் இரண்டு வாளி தண்ணீர், ஒரு பாக்கெட் சமையல் சோடா. பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள்.

முதலில் இப்போது இருக்கும் இணைப்பைப் போனில் நான்கு பக்கமும் படம் எடுங்கள். இன்வெர்ட்டரிலிருந்து வரும் கறுப்பு ஒயர் ஒரு பேட்டரியின் நெகட்டிவில் இருக்கும், அதன் பாசிட்டிவிலிருந்து ஒரு லிங்க் ஒயர் அடுத்த பேட்டரியின் நெகட்டிவுக்குப் போகும், அடுத்ததன் பாசிட்டிவிலிருந்து சிவப்பு ஒயர் இன்வெர்ட்டருக்கு. இப்படித்தான் இருக்க வேண்டும், ஆனால் உங்கள் வீட்டில் எந்த நிற ஒயரை எதற்குப் போட்டிருக்கிறார்கள் என்று மீட்டர் வைத்துப் பார்த்து, ஒயரிலேயே டேப் ஒட்டி எழுதிவிடுங்கள். நான் பார்த்த வீடுகளில் இரண்டு பக்கமும் சிவப்பு ஒயர் போட்டதும் உண்டு.

இன்வெர்ட்டர் முகப்பு ஆஃப், பிளக் ஆஃப் என்பதோடு பிளக்கை உருவியே விடுங்கள். அப்புறம் வீட்டில் இன்வெர்ட்டர் லைனில் உள்ள ஒரு லைட் எரியவில்லை என்று பார்த்த பிறகு கழற்ற ஆரம்பியுங்கள். பைபாஸில் போட்டிருந்தால் லைட் எரியும், அது ஈபி கரன்ட். அப்போது இன்வெர்ட்டரின் அவுட்புட் ஒயர்கள் பக்கம் போகவே வேண்டாம். இந்த இடத்தில் இன்னொன்று சொல்ல வேண்டும். மெயினை ஆஃப் செய்துவிட்டோம், வீட்டில் கரன்ட் இல்லை என்று நினைத்து ஒயரில் கை வைத்து அடிபட்டவர்கள் இருக்கிறார்கள். மெயினை அணைத்ததும் இன்வெர்ட்டர் கரன்ட் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு 230 வோல்ட்டை வீட்டு லைனுக்குக் கொடுக்க ஆரம்பிக்கும். பேட்டரி பக்கம் உயிர் போகாது, அந்தப் பக்கம் போகும்.

முதலில் கறுப்பு ஒயர். நட்டைத் தளர்த்தி லக்கை (ஒயர் நுனியில் இருக்கும் உலோக வளையம்) வெளியே எடுத்ததும் லக் முழுக்க டேப் சுற்றி ஓரமாகக் கட்டிவிடுங்கள். அடுத்து நடுவில் இருக்கும் லிங்க், இரண்டு முனையும். கடைசியில் சிவப்பு, அதற்கும் டேப். ஒரு முனையில் கை வைக்கும்போது மற்ற மூன்று முனையும் சைக்கிள் டியூபுக்குக் கீழே இருக்க வேண்டும். கழற்றிய இரண்டு ஒயரின் லக்கையும் ஒன்றோடொன்று தொடவிடாதீர்கள், இன்வெர்ட்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டரில் கொஞ்ச நேரத்துக்குச் சார்ஜ் இருக்கும்.

நட்டில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்துப் பிடித்துக்கொண்டிருந்தால் முறுக்கி இழுக்க வேண்டாம், ஈய முனை உடைந்து வரும். மேல் மூடிகள் எல்லாம் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சுடுதண்ணீரில் சோடா கரைத்து அந்த நட்டின் மேல் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், நுரைத்துக் கரையும். சோடாத் தண்ணீர் செல்லுக்குள் போய்விடக் கூடாது.

அப்புறம் தூக்குவது. இந்த உயரமான டியூபுலர் பேட்டரி ஆசிட்டோடு 50 கிலோவுக்கு மேல் இருக்கும். ஆபத்துகளில் பெரியது என்று கேட்டால் ஆசிட்டை விட்டுவிட்டு இதைத்தான் சொல்வேன், ஏனென்றால் ஆசிட்டுக்குப் பயப்படுகிறவர்கள்கூட இடுப்புக்குப் பயப்படுவதில்லை. இரண்டு பேர், இரண்டு பக்கக் கைப்பிடி, முழங்காலை மடக்கி உட்கார்ந்து நேராக எழ வேண்டும். ஆறு வருடப் பேட்டரியின் கயிற்றுக் கைப்பிடி இற்றுப்போயிருக்கும், முதலில் இழுத்துப் பாருங்கள். சாய்க்கக் கூடாது, மூடித் துளை வழியாக ஆசிட் வரும். அப்பாவைத் தூக்க விடாதீர்கள்.

வேதியியல் டீச்சர்:

மேலே எலக்ட்ரீஷியன் அண்ணா எழுதியதோடு ஆசிட்டைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். உள்ளே இருப்பது சல்ஃப்யூரிக் அமிலம், எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு அமிலம், மிச்சம் தண்ணீர். தோலில் பட்டால் உடனே எரியாது, கொஞ்ச நேரம் கழித்து அரிக்க ஆரம்பிக்கும், அதனால் பட்டது தெரியாமலேயே அதே கையால் முகத்தைத் துடைத்துவிடுவார்கள். வேலை நடக்கும்போது முகத்தைத் தொடவே வேண்டாம், வேர்வையைத் துடைப்பதென்றால் கையுறையைக் கழற்றிக் கையைக் கழுவிவிட்டுத் துடையுங்கள்.

கண்ணில் ஒரு சொட்டுத் தெறித்தாலும் குழாய்க்கு ஓடி, இமையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு, ஓடுகிற தண்ணீரில் 20 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும், அப்புறம் நேராகக் கண் மருத்துவரிடம். எரிச்சல் குறைந்துவிட்டது என்று நடுவில் நிறுத்தக் கூடாது, கசக்கக் கூடாது. சோடாவைக் கண்ணிலோ தோலிலோ போடாதீர்கள், அது தரைக்கும் டெர்மினலுக்கும்தான். உடம்புக்குத் தண்ணீர் மட்டும்.

பருத்தி வேட்டி, பருத்திச் சட்டையில் பட்டால் அப்போது ஒன்றும் தெரியாது, துவைத்து எடுக்கும்போது ஓட்டை ஓட்டையாக வரும். பழைய துணி போட்டுக்கொண்டு, வேலை முடிந்ததும் தனியாக அலசிவிடுங்கள். தரையில் சிந்தியிருந்தால் சோடாவைத் தூவி, நுரை அடங்கும் வரை விட்டு, தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

பழைய பேட்டரியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து தெருவில் வரும் பழைய இரும்புக்காரரிடம் போட வேண்டாம். நூறு இருநூறு கூடக் கிடைக்கும் என்று கொடுத்துவிடுவார்கள். பல இடங்களில் ஆசிட்டைச் சாக்கடையிலோ காலி மனையிலோ கவிழ்த்துவிட்டு, ஈயத்தைத் திறந்த வெளியில் உருக்குகிறார்கள். அந்தப் புகையும் தூசியும் பக்கத்தில் விளையாடுகிற பிள்ளைகள் உடம்புக்குள் போகிறது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், போனதைத் திருப்பிக் கொண்டுவர மருந்து கிடையாது. 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழையதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு. புதியது வாங்கும் கடையிலேயே எக்ஸ்சேஞ்சில் கொடுங்கள், பில்லிலும் கழித்துக்கொள்வார்கள். பழைய டியூபுலருக்கு எடையைப் பொறுத்துச் சில ஆயிரம் ரூபாய் கிடைக்கும், ஆசிட்டோடு அப்படியே கொடுக்க வேண்டும். தூக்க எடை குறையட்டும் என்று நீங்களே ஆசிட்டைக் கவிழ்த்துவிடாதீர்கள்.

தாம்பரம்வாசி:

எல்லாம் சரி, ஆனால் இரண்டையும் மாற்ற வேண்டும் என்று கட்டாயமா? எங்கள் வீட்டில் 2021-ல் ஒன்றை மட்டும் மாற்றினோம், நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. நண்பருடைய நல்ல பேட்டரி 12.4 காட்டுகிறது, அதையும் ஏன் தூக்கிப் போட வேண்டும்? இன்றைய விலையில் இரண்டு வாங்குவது சின்னச் செலவு இல்லை.

சேலம் பேட்டரி மெக்கானிக்:

சார், நியாயமான கேள்வி. உங்கள் வீட்டில் மாற்றியபோது இன்னொன்றுக்கு என்ன வயது? வாங்கி ஒரு வருடத்துக்குள் ஒன்று போய், அதே மாடலில் வாரண்டியில் ஒன்று வந்தது என்றால் நானும் ஒன்றை மட்டும்தான் மாட்டுவேன். இது ஆறு வருடப் பேட்டரி. 12.4 என்பது சும்மா நிற்கும்போது காட்டும் வோல்ட், எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை அது சொல்லாது.

சீரியஸில், அதாவது ஒன்றன் பின் ஒன்றாக இணைத்திருக்கும்போது, இரண்டுக்குள்ளும் ஒரே கரன்ட்தான் ஓடும். பழையது சீக்கிரம் காலியாகும், புதியதில் இன்னும் நிறைய இருக்கும். இன்வெர்ட்டர் தனித்தனியாகப் பார்ப்பதில்லை, மொத்தத்தைப் பார்க்கிறது. 21 வோல்ட்டில் நிறுத்தும் இன்வெர்ட்டர் என்று வைத்துக்கொண்டால், புதியது 12 வோல்ட்டில் தெம்பாக இருக்கும்போது பழையது 9 வோல்ட்டுக்குப் போயிருக்கும், அதுவரை நிறுத்தாது. 9 வோல்ட் வரை இறங்கிய பேட்டரியின் செல் திரும்பத் திரும்ப அடிபட்டுச் சாகும். சார்ஜ் ஏறும்போதும் அதே தகராறு, பழையது முதலில் நிரம்பிக் கொதிக்கும், புதியது முழுதாக ஏறாமலே நிற்கும். ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஓடும், மறுபடியும் இதே வாடை, இதே சூடு, அப்போது புதியதையும் கெடுத்து வைத்திருக்கும். பணத்துக்காகச் சொல்வதென்றால் இரண்டையும் ஒன்றாக மாற்றுவதுதான் மிச்சம். முடியவில்லையென்றால் 100 ஏஹெச் இரண்டு வாங்குங்கள், 150-ல் ஒன்றை மட்டும் வாங்க வேண்டாம்.

லித்தியம் கேட்டிருந்தீர்கள் தம்பி. அது நல்ல பொருள்தான், எடை பாதிகூட இருக்காது, தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஆவி வராது. ஆனால் உங்கள் இன்வெர்ட்டர் 2019-ல் வாங்கியது, ஈயப் பேட்டரிக்காகச் செய்தது. பின்பக்கம் பேட்டரி வகை மாற்றும் சின்ன சுவிட்சில் லித்தியம் என்று இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் மாட்ட வேண்டாம். ஈயப் பேட்டரிக்கு அவ்வப்போது கூடுதல் வோல்ட் ஏற்றும் இன்வெர்ட்டர்கள் உண்டு, அந்த நேரத்தில் லித்தியத்துக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் பேட்டரியைத் துண்டித்துவிடும். 12 வோல்ட் லித்தியம் இரண்டை சீரியஸில் போடுவதும் தயாரித்தவர் அனுமதித்தால்தான். லித்தியத்துக்குப் போவதென்றால் இன்வெர்ட்டரோடு சேர்த்துப் போங்கள்.

வாங்கும்போது இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், முடிந்தால் ஒரே மாதத் தயாரிப்பு. பெட்டியில் தேதிக் குறியீடு அச்சாகியிருக்கும், கடைக்காரரையே படித்துக் காட்டச் சொல்லுங்கள். மாதக்கணக்கில் கடையில் தூங்கிய பேட்டரி வேண்டாம். இறக்கியதும் மீட்டர் வையுங்கள், 12.4-க்குக் கீழே இருந்தால் திருப்பி அனுப்புங்கள். வாரண்டி அட்டையில் சீரியல் எண்ணையும் தேதியையும் உங்கள் கண் முன்னால் எழுதச் சொல்லுங்கள்.

மாட்டுவது கழற்றியதற்குத் தலைகீழ். முதலில் சிவப்பு, அப்புறம் லிங்க், கடைசியில் கறுப்பு. கடைசி முனையை வைக்கும் முன் மீட்டரின் சிவப்புக் கம்பியைச் சிவப்பு ஒயர் முனையிலும், கறுப்புக் கம்பியை அந்தக் கறுப்பு ஒயர் வரவேண்டிய முனையிலும் வைத்துப் பாருங்கள், 25 வோல்ட் சுமாராக, முன்னால் கழித்தல் குறி இல்லாமல் வர வேண்டும். குறி வந்தாலோ பூஜ்ஜியம் வந்தாலோ எங்கோ மாறியிருக்கிறது, அப்படியே நிறுத்துங்கள். தலைகீழாகக் கொடுத்தால் அதிர்ஷ்டம் இருந்தால் ஃபியூஸ் போகும், இல்லையென்றால் போர்டே போகும். கறுப்பு லக்கை வைக்கும் நொடியில் ஒரு சின்னப் பொறி வரும், கெப்பாசிட்டர் நிரம்புவதால் வருவது, பயந்து கையை உதற வேண்டாம். அந்தப் பொறிக்காகத்தான் கதவு, ஜன்னல் திறந்திருக்க வேண்டும் என்பதும், கொதித்துக்கொண்டிருந்த பேட்டரி பக்கத்தில் இருக்கக் கூடாது என்பதும். பழையதை வெளியே எடுத்து வைத்த பிறகு புதியதை இணையுங்கள்.

நட்டு இறுக்கமாக இருக்க வேண்டும், ஆனால் முனை ஈயம், முழு பலத்தையும் காட்டினால் நசுங்கும். இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். இறுக்கும் முன் லக்குக்கும் முனைக்கும் நடுவில் எதுவும் பூசக் கூடாது. பிளக் போட்டு, முதல் தடவை 10, 12 மணி நேரம் சார்ஜ் ஏறவிட்டு அப்புறம் லோடு கொடுங்கள்.

விழுப்புரம் நெட் சென்டர்:

அண்ணா, நடுவில் ஒரு சின்னக் கேள்வி. கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸில் இருக்கும் குட்டி 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரிக்கும் இவ்வளவு பார்க்க வேண்டுமா? வைஃபைக்கு வைத்திருக்கும் மினி யூபிஎஸ்ஸும் உப்பியிருக்கிறது.

கோவை மில் எலக்ட்ரீஷியன்:

7 ஏஹெச் மூடிய பேட்டரி, ஆசிட் வெளியே வராது, எடை இரண்டு கிலோ சொச்சம். ஆனால் யூபிஎஸ் பெட்டியைத் திறந்தால் உள்ளே போர்டில் மெயின் வோல்ட் இருக்கும். பிளக்கை உருவி, பட்டனை அணைத்து, பத்து நிமிடம் விட்டுத் திறங்கள், பேட்டரியையும் அதன் இரண்டு ஒயரையும் தவிர வேறெதையும் தொட வேண்டாம். அதே அளவு, அதே வோல்ட், முனைத் தகட்டின் அகலமும் ஒன்றாக இருக்கிறதா பார்த்து வாங்குங்கள், அகலம் மாறினால் கனெக்டர் தொளதொளவென்று நின்று சூடாகும்.

வைஃபை மினி யூபிஎஸ்ஸில் இருப்பது பெரும்பாலும் லித்தியம் அயான். உப்பியதைத் திறக்காதீர்கள், அமுக்கிப் பார்க்காதீர்கள், இனி சார்ஜில் போடாதீர்கள். வெளியே, எரியக்கூடிய எதுவும் பக்கத்தில் இல்லாத சிமென்ட் தரையில் வைத்துவிட்டு, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். குப்பைத் தொட்டியில் போட்டால் குப்பை வண்டியில் நசுங்கித் தீப்பிடிக்கும். செல் மாற்றித் தருகிறேன் என்பவர்களிடம் கொடுக்காமல் புதிதாகவே வாங்குங்கள்.

ஸ்ரீரங்கத்துக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. இரண்டையும் மாற்றியாயிற்று. ஞாயிறு காலை நானும் மச்சானும் சேர்ந்து செய்தோம். புதியது இரண்டும் ஒரே மாதத் தயாரிப்பு, இறக்கியதும் 12.52, 12.54 காட்டின. புதியதை இறக்க வந்த வண்டியிலேயே பழையதை ஏற்றிவிட்டார்கள், பில்லில் கழித்தும் கொடுத்தார்கள். கழற்றும்போது லிங்க் ஒயரின் ஒரு லக் கறுத்து, ஓரத்தில் பிளாஸ்டிக் உருகி இருந்தது தெரிந்தது, அதனால் அதே தடிமனில் புது லிங்க் போட்டோம். கடைசி இணைப்புக்கு முன் மீட்டரில் 25.1 வந்தது. படிக்கட்டுக் கதவைக் கழற்றிவிட்டோம், அந்த இடத்துக்கு மேலே வலை போட்டு அடிக்கலாம் என்று இருக்கிறோம்.

அம்மா கேட்கச் சொன்ன கேள்வி ஒன்று: தண்ணீர் எப்போது ஊற்ற வேண்டும், ஆர்ஓ தண்ணீர் ஊற்றலாமா?

சேலம் பேட்டரி மெக்கானிக்:

ஆர்ஓ வேண்டாம், அதில் உப்பு கொஞ்சம் மிச்சம் இருக்கும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும் வேண்டாம். டிஸ்டில்ட் வாட்டர் மட்டும், பிளாஸ்டிக் புனல் வைத்து. மாதம் ஒரு தடவை, தண்ணீர் மட்டத்தைக் காட்டும் மிதவையைப் பார்க்கச் சொல்லுங்கள், குறைந்தபட்சக் கோட்டுக்கு இறங்கினால் மேல் கோடு வரை மட்டும், அதுவும் சார்ஜ் முழுதாக ஏறிய பிறகு. சார்ஜ் ஏறும் முன் மேல் கோடு வரை ஊற்றினால் ஏறும்போது பொங்கி வெளியே வரும், ட்ராலி அரித்துப்போகும்.

லிங்க் லக் கறுத்திருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள், அது நட்டு தளர்ந்திருந்த அடையாளம். வலை போடுங்கள், ஆனால் மேலேயும் கீழேயும் காற்று போகிற மாதிரி. அடுத்த தடவை கரன்ட் போய் கால் மணி நேரம் ஓடிய பிறகு, நான்கு லக்குக்கும் அருகில் ஒயரின் ரப்பர் மேல் விரல் வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றதைவிடச் சூடாக இருந்தால், கரன்ட் வந்த பிறகு பட்டன், பிளக் இரண்டையும் அணைத்துவிட்டு, டேப் சுற்றிய அதே ஸ்பேனரால் அந்த நட்டை மட்டும் இன்னும் கால் திருகு இறுக்குங்கள்.